அறுபதும் சரியாக இருந்த காளை

ஊசிக்காரனின் அறைக்கு ஒரே வாசல். அதுவும் தீவனக் கிடங்குக்குள்தான் திறக்கும். கிடங்கைத் தாண்டினால் காளைக் கொட்டில், கொட்டிலைத் தாண்டினால் முற்றம், முற்றத்தின் கடைசியில் இரும்புக் கேட்டு, கேட்டின் சாவி அக்காள் புருஷனின் இடுப்பில். வெளியே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வர இத்தனையையும் கடக்க வேண்டும், எங்கே போகிறாய் என்பதற்கு இரண்டு இடத்தில் பதில் சொல்ல வேண்டும். அறைக்கு ஜன்னல் ஒன்று இருந்தது. திறந்தால் துரையின் முகம்.

துரை என்பது காளை. ஆயிரம் கிலோ உடம்பு, துடைத்து வைத்த வெண்கலம் மாதிரி நிறம், யாரையும் பொருட்படுத்தாத பார்வை. பார்த்தவர்கள் எல்லாம் ஒரு அடி பின்வாங்கி நின்று ரசிப்பார்கள். அது பிறந்தது இந்தப் பட்டியில்தான். அதன் தாய் கறந்த பாலுக்கு வாளி பத்தாது என்பது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. பண்ணைக்காரர் அதைத் தலைச்சன் பிள்ளையைப் போல வளர்த்தார். பிள்ளைக்குக்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்க மாட்டார் என்று அவர் மனைவியே சொல்லுவாள்.

அந்த மனைவிதான் ஊசிக்காரனின் அக்காள். தாயும் தகப்பனும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு வயது பதினொன்று, அவளுக்குப் பத்தொன்பது. தம்பியும் கூட வருவான் என்று ஒப்புக்கொண்டால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். பண்ணைக்காரர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதை ஒருநாளும் மறக்கவும் இல்லை, மறக்க விடவும் இல்லை. எல்லாருக்கும் கல்யாணத்துக்குப் பரிசு வரும், எனக்கு ஒரு வயிறு வந்தது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவனும் சேர்ந்து சிரிப்பான். சிரிக்காமல் என்ன செய்வது, உட்கார்ந்து சாப்பிடுவது அவர் வீட்டுத் தட்டில்.

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தினான். ஆனால் மாட்டின் வாலைப் பார்த்தே அது பருவத்துக்கு வந்துவிட்டதா என்று சொல்லுவான். இருபது வயதில் அவனை எட்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது சினை ஊசி போடுகிறவனாக வந்தான். வைக்கோல் துண்டு மாதிரி மெல்லிசான உறைவிந்துக் குச்சிகள், அவற்றைச் சுமக்கிற நைட்ரஜன் குடுவை, மூடியைத் திறந்தால் புகையாக வழிகிற குளிர், இதெல்லாம் அவனுடைய உலகம் ஆனது. குச்சியை வெந்நீரில் அரை நிமிஷம் இளக்கி, இடது கையை மாட்டுக்குள்ளே விட்டுக் கர்ப்பப்பை வாயைத் தேடிப் பிடித்து, வலது கையால் ஊசியைச் செலுத்த வேண்டும். உள்ளே போன கைக்குக் கண் இருக்க வேண்டும். அந்தக் கண் சிலருக்கு முப்பது வருஷம் ஆனாலும் திறக்காது. இவனுக்கு முதல் வாரமே திறந்துவிட்டது. ஏழு வருஷம் அவன் தொட்டதெல்லாம் சினையானது. கைராசிக்காரன் என்று பெயர் வந்தது. பண்ணை வாசலில் ஆட்கள் நின்று, வேறு ஆள் வேண்டாம், அவனையே அனுப்புங்கள் என்று கேட்ட காலம் அது.

அப்புறம் துரை வயதுக்கு வந்தது. அதன் குச்சிகள் குடுவைக்குள் இறங்கின.

எல்லாருக்கும் துரைதான் வேண்டும். அதன் கன்றுகள் அப்படி இருந்தன, பொம்மை பிடித்து வைத்த மாதிரி. ஆனால் மூன்று வாரம் கழித்து மாடு சினை நிற்காமல் மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். சிலது ஐந்து வாரம் சும்மா இருந்து, சினைதான் என்று நம்ப வைத்து, அப்புறம் கத்தும். முதல் ஊசியில் பாதிக்குப் பாதி மாட்டுக்குச் சினை தங்கும், அது உலக வழக்கம். துரையின் குச்சிக்குக் கால்வாசிகூடத் தேறவில்லை. ஊசிக்காரன் தூக்கம் கெட்டுப் போனான். வெந்நீரின் சூட்டை மாற்றிப் பார்த்தான், நேரத்தை மாற்றிப் பார்த்தான், புது ஊசி வாங்கினான். மாடு கத்துவது நிற்கவில்லை.

காளையைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அந்த அழகைப் பார்த்துவிட்டு எப்படி வரும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். கையைத்தான் சொன்னார்கள். கைராசிக்காரன் என்ற பெயரை அவர்கள் மாற்றவில்லை, சொல்லும்போது வாயைக் கோணிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் தகப்பனும் மாடு வைத்திருந்தவர். அவர் மாடு சினை தங்காமல் நான்கு தடவை பருவத்துக்குத் திரும்பியது. மாட்டுக்கே ஒன்றும் செய்ய முடியாதவனுக்கு மகளைக் கொடுத்து என்ன காண என்று பால் ஊற்றும் இடத்தில் பத்துப் பேர் நடுவே கேட்டாராம். கூட்டம் சிரித்ததாம். அந்தப் பேச்சு அன்றோடு முறிந்தது. அதற்குப் பிறகு வேறு பேச்சு வரவில்லை.

பண்ணைக்காரர் குடுவையை அவனிடமிருந்து வாங்கி வேறொருவனிடம் கொடுத்தார். புதியவன் வாய்க்காரன். மாடு திரும்பினால் தீவனத்தைக் குறை சொல்லுவான், வெயிலைக் குறை சொல்லுவான், இரண்டாவது தடவை யாருக்கும் தெரியாமல் வேறு காளையின் குச்சியைப் போட்டுவிடுவான். மாடு தங்கிவிடும், பெயர் துரைக்குப் போகும். ஊசிக்காரனுக்கு இந்தச் சூது வராது. துரை வேண்டும் என்று கேட்டவனுக்கு மூன்று தடவையும் துரையையே போட்டான். நேர்மைக்குக் கிடைத்த சம்பளம் சாணிக்கூடை. ஆறு வருஷமாகக் கொட்டில் கழுவுகிறான், தீவனம் வெட்டுகிறான், துரைக்குத் தண்ணீர் காட்டுகிறான். எங்கேயாவது போய்ப் பிழைக்கலாம்தான். போன இடத்தில் என்ன தொழில் தெரியும் என்று கேட்பார்கள். தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று, அதில் பெயர் கெட்டுவிட்டது. கெட்ட பெயருக்கு வண்டிக் கூலி தேவையில்லை, அது நமக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும்.

இப்படி இருக்கும்போது கால்நடை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. உறைவிந்து எடுக்கிற காளை ஒவ்வொன்றுக்கும் ரத்தம் சோதித்து, குரோமோசோம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காத காளையின் குச்சியை விற்கக் கூடாது. பண்ணைக்காரர் கடிதத்தை மேசையில் வீசினார். துரைக்கே சான்றிதழா என்று அரை மணி நேரம் கத்தினார். பிறகு ரத்தம் எடுக்க மச்சானைக் கூப்பிட்டார். கை கெட்டது என்று ஊருக்குச் சொன்னவர், காளையின் வாலுக்கடியில் நரம்பு பிடிக்க மட்டும் அந்தக் கையைத்தான் நம்பினார். வாய்க்காரனைத் துரை பக்கத்தில் அண்ட விடாது.

ரத்தத்தை எடுத்துக் குழாயில் அடைத்ததும் பண்ணைக்காரர் அதை வாங்கி நைட்ரஜன் குடுவைக்குள் இறக்கினார். இந்தத் தொழிலில் இல்லாதவன் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டான். இவர்களுக்கோ உயிர் என்றால் குளிர். நாற்பது வருஷத்துக் குச்சியும் அந்தக் குளிரில் உயிரோடு கிடக்கும் என்று பார்த்துப் பழகிய ஜனம். ரத்தமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டு பேருந்து மாறி ஊசிக்காரன் கொண்டுபோய்ச் சேர்த்ததும் சோதனைக்கூடத்து அம்மாள் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். முப்பது வயதுகூட இராது, பெரிய கண்ணாடி. குழாய் விரிசல் விட்டிருந்தது.

“இதை எதுல வெச்சுக் கொண்டு வந்தீங்க?”

“குடுவையிலதான் மேடம். கெட்டுப்போகக் கூடாதுன்னு.”

“கெட்டுப்போகலை. செத்துப்போச்சு. எனக்கு உயிரோட வேணும். இதுல இருக்குற உயிரணு ஒண்ணு ரெண்டாப் பிரியணும், பிரியுற நேரத்துல பிடிச்சு நிறுத்தினாத்தான் குரோமோசோம் கண்ணுக்குத் தெரியும். செத்தது எங்கே பிரியும்?”

சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டு வாருங்கள், உங்கள் உடம்புச் சூடே போதும் என்று அவள் வேறு குழாய்கள் கொடுத்தனுப்பினாள். அடுத்த வாரம் அவன் துரையின் ரத்தத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்தான். எட்டு நாள் கழித்துப் பண்ணைக்குத் தொலைபேசி வந்தது, ரத்தம் கொண்டுவந்தவர் ஒரு தடவை வந்து போகட்டும் என்று.

அங்கேதான் அவன் முதல் தடவையாக ஒரு காளையின் உள்கணக்கைக் கண்ணால் பார்த்தான். மாட்டைப் பற்றிப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு, மாட்டோடு கிடந்து தெரிந்துகொண்டவர்களும் உண்டு. இரண்டாவது வகை ஆளின் பாஷையில் சொன்னால் காரியம் சீக்கிரம் விளங்கும். ஓர் உயிரின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வோர் உயிரணுவிலும் அதன் பரம்பரைச் சொத்து சின்னச் சின்ன நூல்களாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. மாட்டுக்கு அறுபது நூல். முப்பது தாய் தந்தது, முப்பது தகப்பன் தந்தது. அதுதான் குரோமோசோம். கண்ணாடிச் சில்லில் ஊதாச் சாயம் ஏற்றியிருந்ததால் அவை சிந்திய குண்டூசிகளைப் போலத் தெரிந்தன. அந்த அம்மாள் அவற்றைப் படம் எடுத்து, வெட்டி, பெரிசு சிறிசு வாரியாக ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்திருந்தாள். கடைசியில் தனியாக இரண்டு, கத்தரிக்கோலை விரித்த மாதிரி. இரண்டும் பெரிசாக இருந்தால் பசு, ஒன்று பெரிசு ஒன்று பொடிசு என்றால் காளை என்று சொன்னாள்.

ஊசிக்காரன் விரல் வைத்து எண்ணினான். எண்ணி முடித்ததும் துரைக்குக் குறை ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டான். அறுபது சரியாக இருந்தது.

“எண்ணிக்கை சரிதான். இந்தப் பெரிய ஜோடியைப் பாருங்க. ஒண்ணு இன்னொண்ணை விட நீளமா இருக்குல்ல? இப்போ இந்தச் சின்ன ஜோடி. இதுல ஒண்ணு கட்டை.”

பார்த்தான். பெரிய ஜோடியில் ஒன்றுக்கு வால் முளைத்திருந்தது. சின்ன ஜோடியில் ஒன்று, பென்சிலைச் சீவிச் சீவி மிச்சம் வைத்த துண்டு.

துரை கருவான நாளிலேயே இரண்டு நூல்கள் அறுந்து, துண்டு இடம் மாறி ஒட்டிக்கொண்டது என்றாள். துரைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. வீட்டில் எல்லாச் சாமானும் இருக்கிறது, அலமாரி மாறி இருக்கிறது, அவ்வளவுதான். விந்துக்குப் பாதிப் பாதியாகப் பாகம் பிரிக்கும்போதுதான் வம்பு. ஒரு பிள்ளைக்கு இரண்டு மூடி போகும், பாத்திரம் போகாது. இன்னொன்றுக்குப் பாத்திரம் மட்டும் இரட்டிப்பாய்ப் போகும். அப்படிக் குறையோடு உருவான கரு சில நாளில் கரைந்துவிடும். மாட்டுக்காரனுக்கு அது தெரியாது, மாடு திரும்பிவிட்டது என்பது மட்டும்தான் தெரியும். தப்பிப் பிறந்த கன்றுகளிலும் பாதிக்கு அதே கோளாறு இருக்கும், பெண்ணாய்ப் பிறந்து கிடாரியானால் அதற்கும் சுலபத்தில் சினை தங்காது.

அவன் அந்தக் கட்டைத் துண்டின் மேல் விரலை வைத்தான். பிறகு கேட்டான்.

“ஊசி போடுறவன் கையால இதை ஏதாவது பண்ண முடியுமா மேடம்?”

“கையா? கைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

அவளுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை, குழாய்களை அடுக்கப் போய்விட்டாள். ஆறு வருஷத்துக்கு அப்புறம் ஒரு படித்த வாய் சொல்லிவிட்டது, அதையும் கேட்க அவனைத் தவிர ஒருத்தரும் இல்லை. சான்றிதழில் எழுதுவதற்கு முன்னால் இன்னொரு தடவை ரத்தம் எடுத்து ஊர்ஜிதம் செய்ய வேண்டும், அது விதி என்று சொல்லி மறுபடியும் குழாய் கொடுத்தாள். ரத்தம் எடுத்தவர் கையெழுத்துப் போடுகிற தாளும் அதோடு இருந்தது.

பண்ணைக்காரர் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தவனுக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

“அறுபது இருக்குல்ல?”

“இருக்கு மாமா. ஆனா ரெண்டு...”

“இருக்குல்ல. அப்புறம் என்ன. என் வீட்டு அலமாரி எப்படி இருந்தா அவளுக்கு என்ன?”

துரையின் பக்கத்துக் கொட்டிலில் அதே தாய்க்குப் பிறந்த தம்பிக்காளை நின்றது, தகப்பன் வேறு. நிறம் அதே நிறம். அதன் ரத்தத்தை எடுத்துத் துரையின் எண்ணைப் போட்டுக் கொடுத்துவிடு என்றார். சாதாரணமாகச் சொன்னார், தண்ணீர் காட்டு என்கிற மாதிரி. பிறகு அவன் தோளில் கை போட்டார். துரை போனால் பண்ணை போகும், பண்ணை போனால் உன் அக்காள் இந்த வயதில் யார் வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள் என்று கேட்டார்.

அக்காள் அன்று சாயங்காலம் கிடங்குக்கு வந்தாள். தீவன மூட்டை மேல் உட்கார்ந்து, சேலை முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“தம்பி, அப்போ உன் மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரிஞ்சா போதாதா?”

போதாது என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். தன்னைத் தூக்கி வளர்த்தவளிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்ல எந்த நாக்குக்குத் தெம்பு இருக்கிறது. அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். எறும்புக்காவது இரண்டு பக்கமும் நெருப்பு. இவனுக்கு ஒரு பக்கம் சொந்தப் பெயர், இன்னொரு பக்கம் சோறு போட்ட கை. எந்தப் பக்கம் போனாலும் சுடுவது இவனைத்தான்.

மறுநாள் காலை பண்ணைக்காரர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஊசிக்காரன் குழாயோடு கொட்டிலுக்குப் போனான். தம்பிக்காளையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் அதைத் தாண்டிப் போய், வீட்டுப் பாலுக்காகக் கட்டியிருந்த பசுவின் வாலைத் தூக்கினான். அந்தப் படத்தின் கடைசியில் இருந்த கத்தரிக்கோல்களை அவன் மறக்கவில்லை. அவன் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அக்காளிடம் ஆட்டிய தலைக்கும் குற்றமில்லை, ரத்தமே பேசிக்கொள்ளட்டும். ஐந்தாவது படித்த மூளைக்கு இது சின்ன யோசனை இல்லை. ஆனால் ஒன்றை மறந்துவிட்டான். தாளில் ரத்தம் எடுத்தவர் என்ற இடத்தில் இருந்தது அவன் கையெழுத்து.

பத்தாம் நாள் தொலைபேசி மணி அடித்தது. பண்ணைக்காரர் எடுத்தார். எதிர்முனையில் அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நீங்கள் அனுப்பிய காளை பெண்ணாக இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் மெதுவாகத் திரும்பி, வாசலில் வாளியோடு நின்ற மச்சானைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பேசினார்.

“என் மச்சான் கை அப்படிங்க மேடம். குழாயை மாத்தி வெச்சிருப்பான். இந்த ஊர்ல யாரை வேணாக் கேளுங்க, அவன் கை எப்படின்னு சொல்லுவாங்க.”

வாளி அவன் கையில் அப்படியே இருந்தது. கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அவன் வெட்டிய குழியில் அவனையே இறக்கிவிட்டு, மண்ணையும் தள்ளி மூடியாயிற்று. தொலைபேசியை வைத்த பிறகு அவர் திட்டவில்லை. அந்த அம்மாளே நாளைக்கு நேரில் வந்து எடுத்துக்கொள்கிறாளாம், உனக்கு வேலை மிச்சம் என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, காதில் அடையாள வில்லை பொருத்துகிற இடுக்கியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தம்பிக்காளையின் அலறல் கேட்டது. துரையின் எண் இப்போது அதன் காதில். துரையைப் பின்பக்கத்துப் பழைய கொட்டிலுக்கு அவரே இழுத்துக்கொண்டு போனார்.

அந்த அம்மாள் மறுநாள் பதினொரு மணிக்கு வந்தாள். நுண்ணோக்கியில் ஆயிரம் மாடுகளைப் பார்த்தவள், பக்கத்தில் ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கொட்டிலுக்கு நாலடி தள்ளியே நின்றாள். காதில் இருந்த எண்ணைத் தாளோடு ஒத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. வில்லை குத்திய இடத்தில் காயாத ரத்தம் இருந்ததை அவ்வளவு தூரத்திலிருந்து அவள் காணவில்லை. ஊசிக்காரன் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. நீங்களே நரம்பைப் பிடித்துக் கொடுங்கள், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் அவனிடம் ஊசியை நீட்டினாள். பண்ணைக்காரர் ஒரு பக்கம், வாசல் கதவில் சாய்ந்தபடி அக்காள் ஒரு பக்கம். அக்காள் அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாலைத் தூக்கினான். ஊசியை நரம்பின் மேல் வைத்தான். அழுத்தினால் முடிந்தது. ரத்தம் வரும், சான்றிதழ் வரும், துரையின் குச்சிகள் இன்னும் இருபது வருஷத்துக்கு வீடு வீடாகப் போகும். மாடு கத்தும்போதெல்லாம் எவனாவது ஒருவனின் கையைச் சொல்லுவார்கள். இந்தக் கொட்டில், இந்தக் கிடங்கு, அந்த ஒற்றை வாசல். அவன் ஊசியை எடுத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினான். அதில் வீரம் ஒன்றும் இல்லை, தண்ணீருக்குள் அமுக்கப்பட்டவன் தலையைத் தூக்குவதை யாரும் வீரம் என்று சொல்லமாட்டார்கள்.

“இது துரை இல்ல மேடம். துரை பின்னாடி நிக்குது. அன்னிக்கு நான் குழாயை மாத்தல, மாட்டையே மாத்தினேன். தெரிஞ்சுதான் மாத்தினேன்.”

பண்ணைக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார், அப்புறம் நின்றுவிட்டார். அக்காள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சாத்திய விதத்தில் சத்தமே இல்லை.

பின்பக்கத்துக் கொட்டிலில் துரை அவன் கை பட்டதும் வாலை ஒதுக்கிக் கொடுத்தது. அவன் தொட்டால் மட்டும் அது அப்படிச் செய்யும். ஒரே குத்து, குழாய் நிறைந்தது.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. துரையின் குச்சிகளை அழிக்க வேண்டும், துரைக்குப் பிறந்த கிடாரிகள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் தகவல் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. ஆள்மாறாட்டத்துக்காகப் பண்ணையின் உரிமத்தை ஒரு வருஷம் நிறுத்தியிருந்தார்கள். துரையை ஏற்றிக்கொண்டு போக ஒரு லாரி வந்தது. வாய்க்காரன் அந்த வாரமே வேறு பண்ணைக்குப் போய்விட்டான். பண்ணைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எந்த வீட்டில் எந்த மாட்டுக்கு எந்தக் குச்சி போனது, எந்தக் கன்று யாருக்குப் பிறந்தது என்பது, குடுவை கைமாறிய பிறகும் ஒவ்வொரு கன்றையும் கவனித்து வந்த ஊசிக்காரன் மண்டைக்குள்தான் இருந்தது. அக்காள் சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் வைத்தாள். மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது.

“நீதானே சொன்ன. நீயே போய்ச் சொல்லிட்டு வா.”

எங்கேயும் போக முடியாது என்று அவனுக்கு அப்போது விளங்கியது. இவ்வளவையும் செய்துவிட்டு அவளை விட்டுப் போவது எப்படி. நாற்பத்து மூன்று வீடு. கடிதத்தின் நகல் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் பழைய மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். அந்தக் கடிதத்தை அவன் பல தடவை எழுத்துக் கூட்டிப் படித்திருந்தான். காளையின் எண், வயது, நிறம், நீண்ட குரோமோசோம், கட்டைக் குரோமோசோம் எல்லாம் இருந்தது. கையைப் பற்றி ஒரு வரி இல்லை.

முதல் வீடு தெருவின் முனையில், தகரக் கூரை போட்ட கொட்டில். அந்தப் பெரியவர் கடிதத்தை வாங்கவில்லை, அவனையே சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். பாகப்பிரிவினை, பாத்திரம், மூடி என்று அவனுக்குத் தெரிந்த மாதிரி எல்லாம் சொன்னான். தன்மேல் தப்பில்லை என்பதை எந்த இடத்தில் செருகுவது என்று தேடிக்கொண்டே வந்தான், அதற்குள் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. பெரியவர் பல்லைக் குத்திக்கொண்டு யோசித்தார்.

“அப்போ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“அன்னிக்குத் தெரியாதுங்க.”

“உன் கைதானே உள்ள போச்சு. அதுக்குத் தெரியாதா?”

அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பெரியவர் எழுந்து, வந்ததே வந்தாய், அந்தச் செவலைப் பசுவைப் பார்த்துவிட்டுப் போ, வேறு காளைக்குப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது, திரும்பவே இல்லை, சினைதான் என்று வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறோம் என்றார். ஊசிக்காரன் சட்டைக் கையைச் சுருட்டினான். ஆறு வருஷத்துக்குப் பிறகு மாட்டுக்குள்ளே கை போனது. கை ஒன்றையும் மறந்திருக்கவில்லை. கர்ப்பப்பையைப் பிடித்தது, கொம்பு மாதிரிப் பிரிகிற அதன் இரண்டு கிளையையும் தடவியது, ஒன்றுக்கு இரண்டு தடவை தடவியது. அந்த வீட்டின் வாசலில் பெரியவரின் மனைவியும் மருமகளும் வந்து நின்றிருந்தார்கள். சினை என்று ஒரு சொல் சொன்னால் தேநீர் வரும், உட்காரச் சொல்லுவார்கள், கைராசி திரும்பிவிட்டது என்று மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் போய்விடும். அடுத்த நாற்பத்து இரண்டு வீட்டிலும் அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். உண்மை தெரியவர இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.

“காலிங்க” என்றான்.

பெரியவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

“இவன் தொட்டா வேற என்ன இருக்கும்.”

அவன் தொட்டியில் முழங்கை வரை கழுவினான். கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு எந்தச் சந்து வழியாகப் போக வேண்டும் என்று கேட்டான். வழி அவனுக்கு நன்றாகத் தெரியும். அங்கே நின்று வேறு எதையும் பேச அவனால் முடியவில்லை.